கன்றுக்குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆடி அமாவாசை

எங்கள் வீட்டில் அளந்து சாப்பிடுகிற ஒரே ஜீவன் கன்றுக்குட்டிதான். காலையில் இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு, அதில் புரோட்டீன் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று போனில் ஒரு சாஃப்ட்வேர் சொல்லும். சொன்னபடி நான் போடுவேன். எனக்கு இதுவரைக்கும் யாரும் கால்சியம் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு மட்டும் என்ன செய்யப்போகிறோம் என்று விட்டிருப்பார்கள்.

நான் மூன்றாவது வரைக்கும் போனவன். மூன்றாவது வகுப்பின் வாசல் வரைக்கும் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு ஏமாந்த பெண்வீடு ஒன்றும் அகப்படவில்லை. அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அந்த வீட்டுக்கு நான் ஒரு தூண். பாரம் தாங்குகிற தூண் இல்லை. நடுவில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தூண்.

கிரிவலப் பாதையை விட்டு உள்ளே போகிற மண்ரோட்டில் வீடு. பின்னால் கொட்டகை. மாடுகளைப் பார்த்தது முழுக்க அண்ணன். எந்த மாட்டுக்கு எவ்வளவு தவிடு, எவ்வளவு புண்ணாக்கு என்பது அவர் கைக்குத் தெரியும். அள்ளுவார், போடுவார், சரியாக இருக்கும். கிட்னி கெட்டுப்போய், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்து, பங்குனியில் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய காரியத்தன்று பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கொட்டகையில் செவலைப் பசு கன்று போட்டது. அண்ணனைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாத பசு அது. கிடேரிக் கன்று. அதுவும் செவலை, நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. பந்தியில் இருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பார்த்தார்கள். அவரே வந்துட்டாரு என்று ஒரு பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்கு வராது.

"அவ்ளோ பெரிய மீச வெச்சவரு, பொட்டக் கன்னாவா வருவாரு? ஆபீஸ்ல மாத்தி அனுப்பிட்டானுங்களா" என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் கன்றின் மேல் ஒட்டியிருந்த சவ்வை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த விதத்தைப் பார்த்தபிறகு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணனுக்கு ஒரே மகள். சென்னையில் மாட்டுப் பண்ணைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிற கம்பெனியில் வேலை. காரியம் முடிந்து சென்னைக்குக் கிளம்புகிற அன்று அண்ணனுடைய போனை என் கையில் கொடுத்து, அதில் அந்தத் தீனிக் கணக்கு சாஃப்ட்வேரைப் போட்டாள்.

"சித்தப்பா, படிக்கத் தேவையில்ல. எல்லாம் படந்தான். இது பாலு. இது கன்னுத் தீவனம். இது மினரல் மிக்சர்."

"மிக்சரா? காரமா இருக்குமா?"

"நீங்க சாப்புடக் கூடாது. நீங்க போட்டத இங்க தொட்டு எடையச் சொன்னா போதும். பத்தலனா செவப்பு, ஜாஸ்தியானா மஞ்சள், சரியா இருந்தா பச்ச. எல்லாம் எனக்கும் அங்க தெரியும்."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் சரி போட்டதில்லை. இந்த சாஃப்ட்வேர் போட்டது. புரோட்டீன் பச்சை, எனர்ஜி பச்சை, கால்சியம் பச்சை. வயசான காலத்தில் பாஸ் ஆகிற சந்தோஷம் வேறு. தராசை வைத்து நிறுத்து, குனிந்து, நிமிர்ந்து, போனில் தொட்டு, பச்சை வந்ததும் கொட்டகையில் தனியாக நின்று சிரித்திருக்கிறேன். பால் குடிக்கும் மாதங்களில் பால் எவ்வளவு, அதை எப்போது குறைப்பது, தீவனத்தை எப்போது ஏற்றுவது எல்லாம் அது சொல்லிக்கொண்டே வந்தது. கன்று நன்றாகவே தேறியது. என் கையில் எதுவும் தேறாது என்று நினைத்திருந்த தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனார்கள்.

ஏதாவது சந்தேகம் வந்தால் அண்ணன் மகளுக்கு அந்தப் போனிலிருந்தே கூப்பிடுவேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவாள். ஆனால் ஹலோ சொல்ல மாட்டாள். நான் பேசுகிறவரைக்கும் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் இருக்கும். "நாந்தாம்மா" என்று சொன்ன பிறகுதான், "ம், சொல்லுங்க சித்தப்பா" என்பாள். பட்டணத்தில் இதுதான் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தபோது, குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய போன் கட்டிலில் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுடைய போனில் மாட்டுக்கணக்கைத் தொடுகிறேன் என்று எங்கேயோ தொட்டுவிட்டேன். என் விரல் எப்போதும் தொட வேண்டியதைத் தவிர மற்றதைத் தொடும். கட்டிலில் இருந்த போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். தலையில் துண்டோடு அண்ணன் நிற்கிறார். செவலைப் பசுவின் கழுத்தில் கை. படத்துக்கு மேலே அப்பா என்று இருந்தது. அந்த மூன்றெழுத்தை நான் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை.

சட்டென்று நிறுத்திவிட்டேன். நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைக்குச் செத்துப்போன அப்பா கூப்பிட்டிருக்கிறார். எடுத்தால் உள்ளே நான் இருந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒரு பெண்ணுக்கு என்ன இருக்க முடியும். ஹலோ சொல்லாமல் அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதைப்பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெயரை அவள் மாற்றவும் இல்லை. அதற்குப் பிறகு நானே அவள் எடுத்த உடனே பேசிவிடுவேன். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இனி அமாவாசைக்கு வருகிறேன். அமாவாசையன்று செத்தவர்களை நினைத்துப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பசு தின்றால் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கணக்கு. எங்கள் தெருவில் மாடு இருக்கிற வீடு கம்மியாகிவிட்டதால், அன்றைக்குத் தெருவே கீரைக்கட்டோடு எங்கள் கொட்டகைக்கு வரும். மளிகைக்கடைக்காரர் அவருடைய அப்பாவுக்கு ஒரு கட்டு, கண்டக்டர் வீட்டம்மா அவங்க மாமனாருக்கு ஒரு கட்டு. எங்கள் மாடுகள் ஒரே நாளில் இத்தனை பேருக்கு அப்பாவாகவும் மாமனாராகவும் இருந்து தின்றாக வேண்டும். நான் அதையும் நேர்மையாக சாஃப்ட்வேரில் ஏற்றுவேன். ஒரு தடவை சென்னையிலிருந்து போன் வந்தது.

"சித்தப்பா, இன்னைக்கு மட்டும் புரோட்டீன் எகிறி நிக்குது. இன்னா போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலமா. தெருவுல இருக்கிற பெரியவங்கல்லாம் வந்து சாப்ட்டுப் போனாங்க."

"யாரு?"

"செத்தவங்க."

சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்.

அண்ணி மட்டும் பெரிய மாடுகளிடம் போக மாட்டாள். அவள் கொண்டுவருகிற கீரை நேராகக் கன்றுக்குட்டிக்குத்தான். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனி அமாவாசைக்குக் கன்று அவள் கையிலிருந்து சில இலைகளைப் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு அவள் முகம் தெளிந்து, எனக்கு ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தாள்.

அடுத்து வந்தது ஆடி அமாவாசை. பெரிய அமாவாசை. பௌர்ணமி அளவுக்கு இல்லாவிட்டாலும் அன்றைக்கும் மலைசுற்றக் கூட்டம் வரும். எனக்குச் சாயங்காலம் டவுனுக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்க்க வேண்டும் என்று ஆசை. சாயங்காலத் தீனி போட யார் திரும்பி வருவது? விடிந்ததும் இரண்டு வேளைத் தீவனத்தையும் ஒன்றாகவே கொட்டிவிட்டேன். கன்று சட்டியை நக்கி முடித்தது. போனில் இரண்டு வேளையையும் தொட்டேன். இரண்டும் பச்சை. ஒரு நாள் பாடத்தைக் காலையிலேயே முடித்த மாணவன் நான்.

வெயில் ஏறியதும் தெரு வந்தது. பெரிய மாடுகள் எல்லார் வீட்டுப் பெரியவர்களையும் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டன. அண்ணி காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் சமைத்தாள். படையல் போட்டு, காக்கைக்கு வைத்தாள். காக்கை உடனே எடுத்தது. அதற்குப்பிறகு அகத்திக்கட்டோடு கொட்டகைக்கு வந்தாள். கன்று தின்ற பிறகுதான் அவள் இலையில் உட்காருவாள்.

கீரையை நீட்டினாள். கன்று மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இந்தப் பக்கம் வந்து நீட்டினாள். அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. இலையை உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கன்று பின்னால் நகர்ந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டது.

எனக்குக் காரணம் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் சங்கடம்.

"வெயிலு ஜாஸ்தி அண்ணி. கொஞ்ச நேரம் கழிச்சு துன்னும். நீங்க போயி சாப்புடுங்க."

"துன்னட்டும். அப்பறம் சாப்புடுறேன்."

கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நேரம் போனது. கீரை அவள் மடியிலேயே வாடத் தொடங்கியது. கன்று சுவரைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது. அண்ணிக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டிருப்பாள், அதை மட்டும் விடமாட்டாள். மாத்திரை போட்டு வயிற்றை வெறுமையாக வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இப்போது நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கீரையைப் பிடித்த கை லேசாக ஆடியது.

கேலியை மூட்டை கட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன். வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்கிற காரியம் அது.

"அண்ணி, தப்பு என்து. சாயங்காலத் தீனியும் சேத்து காலைலயே போட்டுட்டேன். அதுக்கு வயிறு ரொம்பிக் கெடக்குது. அதான் துன்ன மாட்டேங்குது. வேற ஒண்ணுமில்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து சோறு தண்ணி எல்லாம் ஆனப்பறம் உன் துண்ட மென்னுச்சே. அப்ப எங்கருந்து எடம் வந்துச்சு?"

துண்டைத் தின்றது உண்மை. பாதி உள்ளே போன பிறகுதான் இழுத்தேன்.

"நெஜமாத்தான் சொல்றேன் அண்ணி."

"நீ எதத் தம்பி நெஜமா சொல்லிக்கிற? காரியத்தன்னைக்கே சிரிப்புக் காட்டுனவன் நீ. என்னச் சாப்புட வெக்கிறதுக்குச் சொல்ற. எனக்குத் தெரியாதா."

ஊரெல்லாம் சிரிக்கவைத்து நான் சம்பாதித்தது இதுதான் என்று அந்தக் கொட்டகையில் நின்றபோது புரிந்தது. வீடு எரிகிறது என்று நான் ஓடிவந்து சொன்னாலும் எங்கள் தெருவில் சிரித்துவிட்டுத்தான் தண்ணீர் எடுப்பார்கள்.

போனை எடுத்தேன். படித்தவள் சொன்னால் நம்புவாள் என்று கூப்பிட்டேன். முதல் மணியில் எடுத்தாள். "நாந்தாம்மா, நாந்தாம்மா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு அண்ணியின் பக்கத்தில் வைத்தேன்.

"அம்மா" என்றாள். "சித்தப்பா சொல்றது உண்ம. ரெண்டு வேளையும் ஒண்ணா போயிருக்குது, எனக்கு இங்கயே தெரியுது. அந்த எடைக்கு அதால இவ்ளோதான் துன்ன முடியும். அதுக்கு மேல துன்னா வயிறு ஊதிக்கும். அது துன்னாம இருக்கிறதுதான் நல்லது. நீ போயி சாப்புடு."

"உனக்கு அங்கருந்தே எல்லாம் தெரியுது."

"ஆமாம்மா. கணக்கு இருக்குது."

"அப்பவும் இருந்துச்சு" என்றாள் அண்ணி.



அண்ணி போனைப் பார்த்துப் பேசவில்லை. கன்றின் முதுகைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"உப்பு கூடாதுன்ன. போடல. எளநி கூடாதுன்ன. குடுக்கல. தண்ணி இந்தச் சொம்புக்கு மேல போகக்கூடாதுன்ன. அளந்து ஊத்துனேன். தெனம் போன்ல கேட்ட, தெனம் சொன்னேன். ஒரு நாளு கூட ஏமாத்தல. கடசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி கஞ்சி கொண்டாந்து வெச்சேன். ஒரு கல்லு உப்பு நாக்குல வெய்யி, போதும்னாரு. ஒரே ஒரு கல்லு. நான் வெக்கல. டாக்டரு திட்டுவாரு, உம் பொண்ணு திட்டுவானு சொன்னேன். ஒண்ணும் பேசல. செவுத்தப் பாத்து திரும்பிக்கினாரு."

கையை நீட்டிக் கன்றைக் காட்டினாள்.

"இதே மாதிரி. இதோ நிக்குது பாரு. இதே மாதிரிதான்."

நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதுவரைக்கும் வயிறு நிறைந்த ஒரு கன்றுக்குட்டி சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. அவள் சொன்ன பிறகு அங்கே நின்றது வேறு. கழுத்தைத் தொங்கப் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்து, கோபம் இல்லாமல், இனி கேட்க மாட்டேன் என்கிற மாதிரி. அண்ணன் அப்படித்தான் படுத்திருந்தார். கஞ்சித் தட்டை எடுத்துக்கொண்டு போனது நான்தான். பட்டப்பகலில், தெருவில் ஆட்டோ போகிற சத்தம் கேட்கிறது, கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் கேட்கிறது, எனக்கு முதுகில் மயிர் குத்திட்டு நின்றது.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றது போன். குரல் உடைந்திருந்தது. "நீ இல்ல. நாந்தான் வெக்காதன்னேன்."

"சொன்னது நீ. வெக்காதது என் கை."

அண்ணி வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு நிமிஷம் தள்ளாடினாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். சாப்பிடப் போகிறாள், எப்படியோ முடிந்தது என்று நினைத்தேன். அவசரப்பட்டு நினைப்பதில் நான் எப்போதும் முதல்.

கையை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். கீழேயே, சாணித் தரையிலேயே, கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைத் திறந்தாள். கல் உப்பு.

முதலில் கன்றின் காது மட்டும் அசைந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் சுவரிலிருந்து முகம் மெதுவாகத் திரும்பியது. உள்ளங்கையில் ஒரு தடவை நக்கியது. நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தது. மறுபடியும் நக்கியது. பிறகு நிறுத்தவில்லை. உப்பு தீர்ந்த பிறகும் விரல் இடுக்கு, மணிக்கட்டு என்று நக்கிக்கொண்டே இருந்தது. மடியிலிருந்து விழுந்த அகத்திக்கீரை அதன் காலடியில்தான் கிடந்தது. மோந்துகூடப் பார்க்கவில்லை.

உப்பைக் கண்டால் எந்த மாடும் நக்கும். சின்ன வயதிலிருந்து மாட்டோடு கிடக்கிறவன், எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எத்தனையோ இடத்தில் மூடச் சொல்லி மூடாத வாய், அன்றைக்கு யாரும் சொல்லாமல் தானாக மூடிக்கொண்டது.

"சித்தப்பா" என்றது போன். "இன்னா சத்தம் அது?"

"நக்குதுமா."

"எத?"

"உங்கம்மா கைய."

"கைல இன்னா?"

நான் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

"சித்தப்பா, உப்பு ரொம்ப..." என்று ஆரம்பித்தாள். பழக்கம். அந்த வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். முன்பு நான் அவளைக் கூப்பிடும்போதெல்லாம் கேட்ட அந்த மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கொட்டகையில் கேட்டது. பிறகு, "வெக்கட்டும்" என்றாள். "தண்ணி பக்கத்துல இருக்கட்டும். எவ்ளோ வேணுமோ குடிக்கட்டும்."

நான் வாளியை நிறைத்துக் கொண்டுவந்து வைத்தேன். அண்ணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கன்று தலையை உள்ளே விட்டது. உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் இறங்குவது வெளியிலிருந்து தெரிந்தது. இவ்வளவு தாகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் அடிக்குப் போனதும் அண்ணி வாளியைச் சாய்த்துக் கொடுத்தாள்.

"குடிங்க" என்றாள்.

அவள் அதைக் கன்றிடம் சொன்னாள் என்றுதான் நான் சொல்ல வேண்டும். அப்படியே சொல்கிறேன்.

கன்று தலையை எடுத்து, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. அண்ணி முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள். அப்புறம் அவள் கைநடுக்கம் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, கண்ணு இருட்டுது. எலய இங்கயே போடு. உனக்கும் போட்டுக்க."

ஓடினேன். முதலில் சர்க்கரை கரைத்த தண்ணீர், பிறகு இலை. சாம்பார் ஆறிப்போயிருந்தது, வாழைக்காய்க் கறி காய்ந்திருந்தது. கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். நான் பரிமாறினேன். போன் வாளிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரிலேயே இருந்தது. அவள் போதும் என்று சொன்ன பிறகும், நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிய பிறகும், இலையை மடித்த பிறகும் அந்தப் பக்கம் போனை யாரும் வைக்கவில்லை. கடைசியில் அண்ணியே குனிந்து, "சாப்ட்டேன்மா. நீ சாப்ட்டியா?" என்றாள்.

"இப்ப சாப்புடுறேன்மா" என்றது போன்.

டீக்கடைக்கு நான் போகவில்லை. சாயங்காலம் போனில் கணக்கை முடிக்கும்போது, உப்புக்கு எந்தப் படத்தைத் தொடுவது என்று கேட்டேன்.

"அதப் போட வேணாம் சித்தப்பா" என்றாள். "அது கணக்குல வேணாம்."

கன்று மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து, வழக்கம்போலத் தின்று, என் வேட்டி நுனியைக் கடித்தது. எல்லாம் பச்சை. ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு எனக்குத்தான். கொட்டகையில் உட்கார்ந்து பீடி பிடிக்க முடியவில்லை. பற்றவைத்ததும் அது திரும்பிப் பார்க்கிறது. மாடு எதையும்தான் திரும்பிப் பார்க்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் கை தானாகப் பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறது. தலை நரைத்த ஆள், ஒரு கிடேரிக் கன்றுக்குப் பயந்து, கொட்டகைச் சுவருக்கு வெளியே போய்க் குந்திப் பீடி பிடிக்கிறேன். தெருவில் போகிறவர்கள் கேட்டால் உள்ளே கொசு என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் சொல்வதை யார் நம்புகிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வந்தாள். சுவருக்கு வெளியே புகை வருவதைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா சித்தப்பா, இங்க குந்திக்கினு?"

கொசு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை. உள்ளே கண்ணைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

கன்றுக்கு எடை பார்க்க வேண்டியிருந்தது. அதற்குத் தராசு இல்லை. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப்பை ஓட்டி, அந்த அளவை சாஃப்ட்வேரில் போட்டால் அது எடையைச் சொல்லும். அவள் முட்டிபோட்டு, இரண்டு கையையும் கன்றின் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுபோய், அந்தப் பக்கம் டேப்பின் நுனியைப் பிடித்தாள். கன்னம் அதன் முதுகில் படிந்திருந்தது. கன்று அசையாமல் நின்றது.

நான் போனை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். டேப்பைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"எவ்ளோமா?" என்றேன்.

"இருங்க சித்தப்பா" என்றாள்.